மலையேறும் அரை டிரவுசர், மலையிறங்கும் இஸ்திரிச் சட்டை

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் சாலை நிமிர்கிறது. அங்கிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் தூங்குவார்கள். இரண்டையும் விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே ஏறும் கூட்டத்தையும் கீழே இறங்கும் கூட்டத்தையும் பாருங்கள். முகம் வேண்டாம், உடுப்பை மட்டும்.

ஏறுகிறவர் வாரம் முழுக்கச் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலகம் போனவர். இன்றைக்கு முட்டி தெரியும் அரை டிரவுசர், ஏதோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட திருப்பூர் டீஷர்ட், ரப்பர் செருப்பு. மனைவி ஜீன்ஸும் குட்டைக் குர்த்தியும் போட்டிருப்பார். மாமியார் வீட்டுத் தெருவில் போட முடியாத குர்த்தி அது. பெங்களூரிலிருந்து வரும் பைக் கோஷ்டி முழங்கையிலும் முழங்காலிலும் கவசம் கட்டி, போருக்குப் புறப்பட்ட தோரணையில் வரும்.

இறங்குகிறவர் காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். சேலத்தில் ஒரு கல்யாணம், அல்லது ஆஸ்பத்திரி, அல்லது பிள்ளைக்கு ஏதாவது சான்றிதழ். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பேன்ட்டுக்கு பெல்ட், காலுக்கு ஷூ. மனைவி இளம்பிள்ளைச் சேலையில், முந்தானையை மடித்துப் பின் குத்தி, தலை நிறையப் பூவோடு. குழந்தையின் கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், "கீழே போறோம்" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையிலேயே இத்தனை அலங்காரத்துக்கும் விளக்கம் அடங்கிவிடும்.

வளைவுகளில் இந்த இரண்டு கூட்டமும் எதிர் எதிரே கடக்கின்றன. காசு கூடுதலாக வைத்திருப்பவர் கசங்கிய துணியிலும், குறைவாக வைத்திருப்பவர் மடிப்புக் கலையாத துணியிலும். ஏழ்மை கந்தலில் தெரியும், செல்வம் பட்டில் தெரியும் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாலை தலைகீழாகத் தோன்றும். ஆனால் இங்கே நடப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தன் மரியாதை யாராலும் கேள்வி கேட்கப்படாது என்று நிச்சயமாகத் தெரிந்தவருக்குத்தான் அலட்சியமாக உடுத்தும் துணிச்சல் வரும். மற்றவர்கள் மரியாதையை உடம்பில் போட்டுக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கிறது.

ஒரே மே மாதம், இரண்டு விழா

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலே. 'ஏழைகளின் ஊட்டி' என்று பெயர் வாங்கிய ஊர். ஊட்டிக்கு ஒரு வாரம் லீவு போட்டுப் போக வேண்டும் என்றால், இங்கே காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். சேலத்துக்காரர்களுக்கு இது ஏறக்குறையக் கொல்லைப்புறம்.

வருகிறவர்களில் இன்னொரு ரகம் உண்டு. மே மாத நடுப்பகலில் ஸ்வெட்டர், மஃப்ளர், குழந்தைக்குக் குரங்குக் குல்லா. நெற்றியில் வேர்வை வழியும், ஆனாலும் கழற்ற மாட்டார்கள். மலைக்கு வந்தால் குளிர வேண்டும் என்பது விதி. வானிலை அதற்கு ஒத்துழைக்காவிட்டால் அது வானிலையின் குற்றம். பக்கத்தில் பஜ்ஜி போடுகிற உள்ளூர்க்காரர் கை மடித்த சட்டையோடு நின்றுகொண்டிருப்பார். அவர் ஸ்வெட்டரை எடுப்பதற்கு இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது.

அந்த மே மாதத்தில் இந்த மலையில் இரண்டு விழாக்கள். ஒன்று அரசு நடத்தும் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, கொழுகொழு குழந்தைகள் போட்டி. நாய்கள் குளித்துத் தலை வாரி வரும். அவற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பெர்முடாவில் வருவார்கள். இன்னொன்று மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழா. குறுகலான குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இந்த மலைக்கும் அந்த ஆற்றுக்கும் உருவம் கொடுத்த தெய்வங்கள். சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் குடும்பத்தோடு வருவார்கள். பெட்டியில் இருப்பதிலேயே நல்ல துணி அன்றைக்குத்தான் வெளியே வரும்.

உச்சியில் காற்றும் காட்சியும் அருமை என்பதால் சுற்றுலா வேன்களும் அங்கே வந்து நிற்கும். ஒரே வரிசையில் சரிகை வேட்டியும் அரை டிரவுசரும் நிற்கின்றன. அரை டிரவுசர்க்காரரை யாரும் எதுவும் சொல்வதில்லை. அதே அரை டிரவுசரில் அவர் தன் சொந்த ஊர்க் குலதெய்வக் கோயிலுக்குப் போவாரா என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். போக மாட்டார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

கம்பளியிலிருந்து கோட்டுக்கு

மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்ததாகவும், ஒருவர் சேர்வராயன் மலையிலும் ஒருவர் பச்சைமலையிலும் ஒருவர் கொல்லிமலையிலும் குடியேறியதாகவும் அவர்களுடைய வழிவழிக் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் இவர்கள்தான் மிகப் பெரிய தொகுதி.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தன் சாதிகள், பழங்குடிகள் நூலில் இவர்களுடைய உடையையும் எழுதிவைத்திருக்கிறார். ஆண்களுக்குத் தலைப்பாகையும் ஒரு பழுப்புக் கம்பளியும். அந்த ஒரு கம்பளிதான் குளிருக்குக் கோட்டு, மழைக்குக் குடை, இரவில் போர்வை. பெண்கள் நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் பச்சை குத்தியிருந்தார்கள், காதிலும் மூக்கிலும் நகை போட்டிருந்தார்கள். தர்ஸ்டன் மனிதர்களை அளவுகோல் வைத்து அளந்தவர். அவர் பார்வையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கம்பளியைப் பற்றிய குறிப்பு எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என்று பிரிக்காமல் ஒரே துணியை எல்லா நேரத்துக்கும் உடுத்திய காலம் இந்த மலையில் இருந்திருக்கிறது.

பிரிவினை தோட்டங்களோடு ஏறி வந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரிக்காயையும் கொண்டுவந்து நட்டார். அவருக்குப் பின்னால் துரைமார் வந்தார்கள், துரைசானிகள் வந்தார்கள், 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு உடுப்பு, தோட்டத்தைச் சுற்ற ஒரு உடுப்பு, சாப்பாட்டு மேசைக்கு ஒரு உடுப்பு. பள்ளத்தாக்கைப் பார்க்கும் பாறைகளுக்குக்கூட லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று தனித்தனியாகப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு உறைவிடப் பள்ளிகள். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல். இந்த மலையில் சீருடை என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. டை கட்டி, கோட்டு போட்டு, ஷூ பளபளக்கக் கடைவீதியில் நடந்த பிள்ளைகளைப் பார்த்தே பல தலைமுறை உள்ளூர்க் குழந்தைகள் வளர்ந்தன. படித்தவன் எப்படி இருப்பான் என்ற கேள்விக்கு ஏற்காட்டில் பதில் தெருவிலேயே நடந்து போனது. தோட்டத் தொழிலாளி தன் மகனுக்கு டை வாங்கிக் கட்டும்போது அவர் வெள்ளைக்காரனைக் காப்பியடிக்கவில்லை. தன் தெருவில் மதிப்போடு நடந்தவர்களைப் பார்த்துக் கட்டுகிறார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை எம்.ஜி.ஆர். காலத்தில் வந்தது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட். 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலையையும் சேர்த்துக்கொண்டால், மலைக் கிராமங்களில் பல வீடுகளில் கிழியாத துணி என்பது அரசு கொடுத்ததாகவே இருந்த வருஷங்கள் உண்டு. இலவசம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேலைக்கு மேல் ஆண் சட்டை

இந்த மலையில் மிகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட உடை எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் வேலை உடுப்பு.

அறுவடை நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். விடியலில் செடியெல்லாம் பனி. உள்ளே கை விட்டால் குச்சி கீறும், முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். அதற்காக அவர் உடுத்துவதைப் பாருங்கள். உள்ளே ஒரு பழைய சேலை, கொசுவத்தைத் தூக்கிச் செருகி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். மேலே கணவருடையதோ மகனுடையதோ, முழுக்கைச் சட்டை ஒன்று, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். தலையில் துண்டு, காதை மூடி முடிச்சு. இடுப்பில் சாக்கு அல்லது பை. சட்டைப் பையில் செல்போனும் வெற்றிலையும். சேலையில் பை கிடையாது, ரவிக்கையில் முழுக்கை கிடையாது. இரண்டு குறையையும் ஒரு பழைய ஆண் சட்டை தீர்த்துவிட்டது. எந்த டிசைனரும் இதை வரைந்து கொடுக்கவில்லை. தோட்டம், வயல், செங்கல் சூளை, நூறு நாள் வேலை என்று தமிழ்நாட்டுப் பெண்கள் உடம்பால் யோசித்துக் கண்டுபிடித்த உடை இது.

இப்போது நகரத்து மால்களில் 'ஓவர்சைஸ்' சட்டை என்று ஒன்று தொங்குகிறது. தோள் இறங்கி, கை நீண்டு, வேறு யாருடையதையோ எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும். அதுதான் அதன் அழகு. ஏற்காட்டுக்கு வரும் கல்லூரிப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு பகோடா பாயின்ட்டில் படம் எடுக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வேலியின் அந்தப் பக்கம், அதே அளவுப் பிசகோடு அதே சட்டை பழம் பறித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பெயர் ஸ்டைல். மற்றதற்குப் பெயர் வேலைத் துணி.

அந்தத் தொழிலாளியைப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் அவர் முதலில் செய்வது என்ன தெரியுமா? சட்டையைக் கழற்றுவார். தலைத் துண்டை அவிழ்த்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, "இப்ப எடுங்க" என்பார். படம் எடுக்கிறவருக்கு ஏமாற்றம். அவருக்கு வேண்டியது அந்தச் சட்டைதான், 'இயல்பான' தோற்றம்தான். பெண்ணுக்கு வேண்டியது தன் பேரப்பிள்ளைகள் பார்க்கத் தகுந்த ஒரு படம். இதில் பெண் பக்கம்தான் நியாயம். தன் உழைப்பின் அழுக்கை அடுத்தவர் ரசனைக்குத் தர வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஏற்காட்டில் இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தரையில் புரளும் கவுனை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஏற, பெண் கவுனுக்குள் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு நடந்து வருவார். அதே பெண் முகூர்த்தத்துக்குச் சேலம் மண்டபத்தில் பட்டுச் சேலையில் உட்காருவார், மாப்பிள்ளை வெண்பட்டு வேட்டியில். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு கீழே மண்டபத்துக்கு; கவுனும் சஸ்பெண்டரும் மலைக்கு. யாருக்கும் இதில் குழப்பம் இல்லை.

மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதும்

நம் ஆட்களிடம் சாதாரண உடை, சபை உடை என்ற இரண்டு பெட்டி மட்டும் இருப்பதாக நினைத்தால் தவறு. ஒரே வேட்டியிலேயே இரண்டும் இருக்கிறது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் வீடு, தோட்டம், டீக்கடை. எதிரே பெரியவர் வந்தால் ஒரு கையசைவில் கீழே இறங்கிவிடும். லுங்கிக்கும் அதே இலக்கணம். மேற்கத்திய ஆண் கோட்டைக் கழற்றி டையைத் தளர்த்திச் செய்வதை நம் ஆள் அரை நொடியில், உடையே மாற்றாமல் செய்துவிடுகிறார்.

ஆனால் இந்த அழகான கையசைவுக்குப் பின்னால் கசப்பான சரித்திரமும் இருக்கிறது. யார் வந்தால் யார் இறக்கி விட வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. துண்டைத் தோளில் போட யாருக்கு உரிமை, கக்கத்தில் இடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அதுவே முடிவு செய்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடி வாங்கினார்கள். 1859 ஜூலையில்தான் அரசாணை வந்தது. அது பழைய கதை என்று சொல்ல முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. கிராப்பு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதைத் தவிர, மீதி ஏழும் உடம்பின் மேல் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியவை.

அதைப் படித்துவிட்டு, கீழே இறங்கும் பஸ்ஸில் பெல்ட் கட்டி ஷூ போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தொழிலாளியை மறுபடி பாருங்கள். சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு ஏறி வந்த குடும்பங்களுக்கு அந்த இஸ்திரி மடிப்பு ஆடம்பரமாக எப்படித் தோன்றும்? 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அம்பேத்கர் பெரும்பாலும் கோட்டு சூட்டிலேயே நின்றார். ஒருவர் துறந்ததும் ஒருவர் உடுத்தியதும் அரசியல்தான். துறப்பதற்கு முதலில் உரிமையாக ஒன்று இருந்தாக வேண்டும் என்பதுதான் வித்தியாசம். காந்தியைப் புரிந்துகொள்வது நமக்குச் சுலபமாக இருந்தது. அம்பேத்கரின் கோட்டைப் புரிந்துகொள்ள இன்னும் சிலருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாசலில் நிற்கும் ஆள்

உடுப்பைப் பார்த்து உள்ளே விடுவதும் விடாமல் நிறுத்துவதும் நம் ஊரில் அடிக்கடி செய்தியாகிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் ஆன பிறகும் அவன் எழுதிய விதி காவல் காத்துக்கொண்டிருந்தது. ஊரே கொதித்தது; அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. தமிழ்ப் பண்பாட்டை வெளிப்படுத்தும் வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருகிறவரைக் கிளப்புகளும் அதுபோன்ற பொது இடங்களும் அந்தக் காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகும்.

மறு வருஷமே கதை எதிர்ப்பக்கம் திரும்பியது. 2015 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதி ஒருவர், 2016 ஜனவரி முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆண்களுக்கு மேல் துணியோடு வேட்டி, பைஜாமா அல்லது பேன்ட் சட்டை. பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, மேல் துணியோடு சுடிதார். கோயில் வாசல்களில் பலகை மாட்டி முடிப்பதற்குள் இரு நீதிபதிகள் அமர்வு இடைக்காலத் தடை விதித்துவிட்டது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசு ஓர் ஆணை போட்டது: பெண்களுக்குச் சேலை, சுடிதார், ஆண்களுக்குப் பேன்ட் சட்டை அல்லது வேட்டி; சாதாரண உடை வேண்டாம். 2024 அக்டோபரில் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளில் கட்சிச் சின்னம் போட்ட டீஷர்ட் அணிவதை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். டீஷர்ட் என்பது சாதாரண உடையா, அந்த 2019 ஆணை அமைச்சருக்கும் பொருந்துமா என்ற கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன.

இந்த வழக்கின் சட்டப் பக்கத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஆர்வம் வேறிடத்தில். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இதுவும் சேந்தமங்கலமும் மட்டும்தான். இங்கே எந்தக் கட்சி வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் தலைவர் படம். சேறும் மட்கும் காப்பித் தொலியுமாகக் கிடக்கிற மலைப்பாதையில் வெள்ளை உடுத்தி நடப்பது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் ஒரு மலைக் கிராமத்து வேட்பாளர் டீஷர்ட்டில் வாக்குக் கேட்டுப் போக முடியுமா? அப்போதைய முதல்வரின் மகன் உதயநிதிக்கு முடிந்தது.

கர்நாடகத்தில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2024 ஜூலையில் பெங்களூர் மாகடி சாலை மால் ஒன்றில் மகனோடு சினிமா பார்க்க வந்த ஹாவேரி விவசாயியை வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே விடவில்லை. அப்போது அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த சித்தராமையா கட்டுவதும் வேட்டிதான். சட்டமன்றத்தில் சத்தம் எழுந்து, மாலை ஏழு நாள் மூடச் சொன்னது அரசு. பிரச்சினை துணியில் இல்லை என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமா? காவலாளி வேட்டியைப் பார்க்கவில்லை. வேட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தார்.

உலகம் முழுக்க இதே கதைதான் என்று காட்டுகிற ஓர் ஆய்வு 2014இல் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் இத்தாலியின் மிலான் நகரில் விலை உயர்ந்த உடைக் கடைகளின் விற்பனைப் பெண்களிடம், உடற்பயிற்சி உடையில் ஒரு பெண் உள்ளே வந்தால் என்ன நினைப்பீர்கள், ஃபர் கோட்டில் வந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார்கள். உடற்பயிற்சி உடைக்காரிதான் பெரிய வாங்குபவராக இருப்பார் என்பது விற்பனைப் பெண்களின் தீர்ப்பு. அதே கேள்வியை ரயில் நிலையத்தில் போகிற வருகிற பெண்களிடம் கேட்டபோது பதில் மாறியது. அவர்களுக்கு ஃபர் கோட்டுக்காரிதான் பணக்காரி. பணக்காரர்களோடு தினமும் புழங்குகிறவர்களுக்குத் தெரிகிறது, கவலைப்படாமல் உடுத்துவது ஒரு வசதி என்று. ஏற்காட்டு விடுதி வரவேற்பறையில் நிற்கும் பையனுக்கும் இது நன்றாகத் தெரியும். கிழிந்த ஜீன்ஸுக்கு அவன் வணக்கம் சொல்வான். இஸ்திரிச் சட்டையைப் பார்த்து, "யாரைப் பார்க்கணும்?" என்பான்.

மேலிருப்பவர் தளர்த்தினால் கீழிருப்பவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும் என்பதும் உண்மை. ஜப்பானில் 2005 கோடையில் அரசு அலுவலகங்களின் ஏசியை 28 டிகிரியில் வைத்து, டையும் கோட்டும் வேண்டாம் என்றார்கள். பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். அதன் பிறகுதான் குமாஸ்தாவுக்குக் கழுத்துப் பொத்தானைக் கழற்றத் தைரியம் வந்தது. நம் ஊரில் ஏப்ரல் வெயிலில் கறுப்புக் கோட்டோடு கீழ்க் கோர்ட்டு வாசலில் நிற்கும் வக்கீல்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கொய்சுமி வர மாட்டாரா என்று தோன்றும்.

நைட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஏற்காட்டு ஏரிக்கரையானாலும் மஞ்சக்குட்டையானாலும் நாகலூரானாலும், காலை எட்டு மணிக்குப் பால் வாங்க வரும் பெண்ணின் உடை நைட்டி. மேலே ஒரு துண்டோ துப்பட்டாவோ. இரவு உடை என்று வந்ததைத் தமிழ்ப் பெண்கள் பகல் உடையாக்கி, ஒரு துண்டைப் போட்டு அதற்குச் சபை அனுமதியும் வாங்கிவிட்டார்கள். குளிர்ந்தால் அதன் மேல் ஸ்வெட்டர், வேலைக்குப் போனால் அதன் மேல் ஆண் சட்டை. 2018இல் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற ஊரில் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், பிடித்துக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தார்கள். அந்தப் பெரியவர்களில் எத்தனை பேர் வெற்று மார்போடு திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தீர்மானத்தைப் பேசினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண் உடம்பு காற்றாட இருந்தால் எளிமை, பெண் உடம்பு காற்றாட இருந்தால் ஒழுங்கீனம்.

2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். நல்ல சட்டம், அது வந்தபோது நானும் கை தட்டினேன். ஆனால் அது காப்பாற்றுவது தமிழ்ப் பண்பாட்டின் வேட்டியை, இந்திய மரபு உடையை. நீதிபதியின் வெண்ணிற வேட்டி அதற்குள் வசதியாக அடங்கும். லுங்கியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, தலைத் துண்டோடு, வேலை முடிந்து சம்பளக் காசோடு ஒரு நல்ல ஹோட்டலில் காப்பி குடிக்க வருகிற பெண் எந்த மரபில் சேர்வார்? அவர் பறித்த காப்பிதான் உள்ளே கொதிக்கிறது. சட்டத்தைத் திருத்தும் வாய்ப்பு வந்தால் 'மரபு உடை' என்பதற்குப் பக்கத்தில் 'வேலை உடை' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். அதுவரை ஏற்காட்டில் விடுதியும் உணவகமும் நடத்துகிறவர்கள் தங்கள் வாசலில் நிற்கும் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும்: அரை டிரவுசருக்குத் திறக்கிற கதவை அந்தச் சட்டைக்கும் திறக்கச் சொல்லி.